காண்பவன் பங்கு

கலைப்பொருள் காண்பவனுடைய பங்கேற்பினாலேயே பூர்த்தி பெறுகிறது என்பதை இணையக் கலைஞர்கள் ஒரு நூதனக் கொள்கையாகப் பேசுகிறார்கள். அரியலூர், பெரம்பலூர்ச் சீமையிலோ அது நெடுங்காலமாக அனுஷ்டானத்தில் இருந்துவரும் விஷயம். முதலாம் இராஜேந்திரன் 11ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்து ஆலயத்தின் வடக்கு வாயிலருகே, உமையுடன் வீற்றிருக்கும் சிவபெருமான் தம் திருக்கரங்களாலேயே சண்டேசரின் சிரசில் மாலை சுற்றுகிற சிற்பத்தின் முன் நிற்கும் அடியவன், அந்த அனுக்கிரகம் தனக்கும் உரியது என்று உணராமல் அப்பால் நகர்வதில்லை. பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சந்நிதியிலோ, திங்களும் வெள்ளியுமே வழக்கமாக நடை திறப்பதால், தரிசன காலத்தை நிர்ணயிப்பவள் அம்மனேயன்றிப் பக்தனல்லன்.

எந்நேரமும் எவருக்கும் வாயில் திறந்த கலையை இணையம் தோற்றுவித்தது. நம் தேசத்துப் பொதுமக்களுக்கு இணைய சேவை கிட்டிய அதே 1995ஆம் ஆண்டில், கென் கோல்ட்பெர்க்கும் அவர் சகாக்களும் கலிபோர்னியாவில் ‘டெலிகார்டன்’ என்ற தோட்டத்தை அமைத்து, எத்தேசத்தவரும் கணினி வழியே ஓர் இயந்திரக் கரத்தை ஏவி, விதையிடவும் நீர் வார்க்கவும் வகைசெய்தார்கள். கற்சிற்பத்தின் முன் காண்பவன்தான் மாறுகிறான், சிற்பம் மாறுவதில்லை. இங்கோ முன்னே வந்தவன் இட்ட விதையே பின்னே வருகிறவன் காணும் காட்சியாயிற்று.

மும்பைக் கலைஞர் ஷில்பா குப்தா, லண்டன் டேட் கலைக்கூடத்துக்காக 2003இல் ஆக்கிய படைப்பில், இணையக் கம்பியையே பல சமயத்தாரின் புனித ஸ்தலங்களுக்கு எடுத்துச்சென்று ஆசி பெற்று, வலைத்தளத்துக்கு வருவோர்க்கு அந்த ஆசியை வழங்கினார்; தெய்வ சாந்நித்தியம் கம்பிவழி ஏகுமா என்ற வினாவை அவர் பரிகாசமாகக் கேட்டாரோ, பக்தியோடு கேட்டாரோ, விடையைக் காண்பவனிடமே விட்டுவிட்டார்.

காண்பவனை இவ்வளவு நம்பிய கலை, அவன் கைவிட்டால் என்னாகும்? சோழர் தலைநகரம் பாழடைந்து ஜனசஞ்சாரம் அருகியபின், கொள்ளிடத்துக் கீழணையை 1836இல் கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்து மதிற்கற்கள் அதற்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன, விமானம் தப்பிற்று. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகருக்குப் பெயர்ந்து வாழ்ந்த டெலிகார்டன் ஓய்ந்த 2004ஆம் ஆண்டிலேதான், யுனெஸ்கோ இவ்வாலயத்தை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. தொட்டு மாற்றும் உரிமையை இணையக் கலை காண்பவனுக்கு அளித்துவிட்டது. காத்து நிற்கும் கடமையைக் கற்க அவன் இன்னும் அந்த மதில் இருந்த இடத்துக்குத்தான் வரவேண்டும்.