நெல்லும் மானியமும் சம்பளமும்

தமிழ்நாட்டின் ஊர்ப் பள்ளிகளுக்கான பணம் எங்கிருந்து வந்தது, அது வாத்தியார் கைக்கு எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி, 200 ஆண்டுகளாக அரசு ஆவணங்களில் திரும்பத் திரும்ப எழுப்பப்பட்டு வருகிறது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, 1822இல் கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்கைக் கேட்டுத் திரட்டி, 1826 மார்ச்சில் எழுதிய குறிப்பில், ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகப் பதிவு செய்தார். இவற்றில் மிகப் பெரும்பாலானவை அரசின் காசு ஒன்றுகூடப் பெறாமல் ஊராரின் கொடையாலும் மாணவர் தந்த கூலியாலுமே நடந்தவை.

திண்ணைப் பள்ளிக்கூடம் எனப்பட்ட இவை, வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ மரத்தடியிலோ ஒரே ஆசிரியரால் நடத்தப்பட்டன. பழங்காலத்தில் கணக்காயர் என்றும், தென்மாவட்டங்களில் அண்ணாவி என்றும், பிற்காலத்தில் பொதுவாக வாத்தியார் என்றும் அழைக்கப்பட்ட அவருக்கு மாதக்கூலி ஒரு சிறு பங்குதான். அறுவடையானதும் வீட்டுக்கு வீடு நெல் அளக்கப்பட்டது, விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்தை எழுதவைத்த வீட்டிலிருந்து வேட்டியும் தட்சிணையும் கிடைத்தன, நவராத்திரி நாட்களில் பிள்ளைகள் கோலாட்டம் அடித்துத் தெருத்தெருவாகப் பாடிச் சேர்த்த காசும் அவருக்கே போயிற்று. உதவியாளருக்குக் கூலி கொடுக்க வழியில்லாத இடத்தில், மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். எழும்பூர் ஆண் அனாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கே சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதையும் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் 1797இல் லண்டனில் நூலாக வெளியிட, அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது.

இந்த ஏற்பாட்டைப் பொற்காலமாகக் கொண்டாடுவோர், அதன் வாசல் யாருக்குத் திறந்திருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நெல் அளப்பவர் வீட்டுப் பிள்ளைதான் திண்ணையில் உட்கார முடிந்தது. சேரிக் குழந்தைகளுக்குத் தெருவே மூடியிருந்தது, பெண் குழந்தைகள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே வந்தனர். வாத்தியாருக்கும் வயிறு நிறைந்ததாகச் சொல்ல முடியாது. மாணவர் தரும் கூலியிலிருந்து மாதம் 6 அல்லது 7 ரூபாய்க்கு மேல் அவர் ஈட்டுவதில்லை என்றும், தகுதியுள்ளவர்களை இத்தொழிலுக்கு ஈர்க்க அது போதாது என்றும் மன்றோவே எழுதினார். அதற்கு மாற்றாக, மாவட்டத் தலைமைப் பள்ளியின் ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாயும், தாசில்தாரின் ஆட்சிப் பகுதிக்கு ஒன்றாக அமையும் பள்ளியின் ஆசிரியருக்கு 9 ரூபாயும் அரசே தருவதற்கு அவர் வகுத்த திட்டம், 1827இல் அவர் இறந்தபின் கவனிப்பாரின்றி மெலிந்து, 1836இல் கைவிடப்பட்டது.

அடுத்த முயற்சி வரியின் வடிவில் வந்தது. கோதாவரி மாவட்டத்தில் குடியானவர்கள் தாங்களே இசைந்து பள்ளிக்காகக் கட்டிவந்த தொகைக்குச் சட்ட வலு தரவே 1863இன் சென்னைக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. மனமுவந்து கொடுத்தபோது சேர்ந்த பணம், சட்டமாகி மற்ற ஊர்களுக்குப் போனபோது சேரவில்லை. 1871இன் உள்ளூர் நிதிச் சட்டப்படி பள்ளிக்கென விதிக்கப்பட்ட வீட்டுவரிக்கும் கடும் வெறுப்பு கிளம்பியதால், சில ஆண்டுகளிலேயே அது நிறுத்தப்பட்டது. படிப்பின் மீது ஊருக்கு விருப்பமில்லை என்று இதற்குப் பொருள் கொள்வது பிழை. தன் கண்முன் வாத்தியாரின் குதிருக்குப் போகும் நெல்லை அளந்த கை, எந்த ஊர்ப் பள்ளிக்குப் போகும் என்றே தெரியாத வரியைக் கட்டத் தயங்கியது.

இதே காலத்தில், 1868 முதல், 'தேர்ச்சிக்கேற்ற மானியம்' என்ற முறை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் கல்வி அதிகாரி ஒவ்வொரு பிள்ளையையும் படிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் சொல்லிச் சோதித்து, தேறியவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளிக்குப் பணம் வழங்குவது இதன் சாரம். திண்ணைப் பள்ளிகள் பல இதனால் அரசின் பதிவேட்டுக்குள் வந்தன என்பது உண்மை. ஆனால், ஓராண்டு உழைப்பின் ஊதியம் ஒரே முற்பகலில், வாசலில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் வாயிலிருந்து வரவேண்டியிருந்தது. அன்று ஒரு பிள்ளை அம்மை கண்டு படுத்திருந்தாலோ, மாடு மேய்க்கப் போயிருந்தாலோ, அதிகாரியைக் கண்டு நடுங்கி வாய்ப்பாட்டை மறந்தாலோ, அந்தப் பிள்ளைக்குரிய தொகை வாத்தியாருக்கு இல்லை. வறுமையின் சுமையை அரசு, ஊர், பெற்றோர் ஆகிய மூவரும் இறக்கிவைத்த இடம் அவர் தோள்தான்.

1920இன் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சி அமைப்புகள் கல்வி வரி விதிக்க வழி செய்தபோதும், உதவி பெறும் பள்ளிகளில், அதாவது தனியார் நடத்த அரசு மானியம் தரும் பள்ளிகளில், பணம் நிர்வாகியின் கை வழியாகவே ஆசிரியருக்கு வந்தது. பட்டுவாடாப் பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்து, கையில் அதைவிடக் குறைந்த தொகை என்பது ஆசிரியர் சங்கங்கள் பல பத்தாண்டுகள் எழுப்பிய குறை. காமராசர் ஆட்சியில் 1955இல் ஓய்வூதியம், சேமநிதி, ஆயுள் காப்பீடு ஆகிய மூன்றும் இவ்வாசிரியர்களுக்கும் கிடைத்தது, முதுமையில் கையேந்தும் நிலைக்கு அஞ்சிய ஒரு கூட்டத்துக்குப் பேருதவியாயிற்று. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் மணியும் பலகையும் நாற்காலியும் கட்டடமும் கொடுத்தனர். சம்பளம் அரசின் பொறுப்பு, பொருள் ஊரின் கொடை என்ற இந்தப் பங்கீடு அக்காலத்தின் மிக நல்ல ஏற்பாடு. 1981 ஜூன் 1 முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாயினர்.

அதன் பிறகும் பழைய வழி முற்றிலும் அடைபடவில்லை. 2012இல் ஓவியம், உடற்கல்வி போன்ற பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டனர். 2022இல் காலியிடங்களை நிரப்பப் பள்ளி மேலாண்மைக் குழு, அதாவது பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட ஊர்க்குழு, தற்காலிக ஆசிரியரை அமர்த்திக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தபோது, இடைநிலை ஆசிரியருக்கு நிர்ணயிக்கப்பட்ட மாதத் தொகை 7,500 ரூபாய்.