தம்கா: குதிரைச் சூட்டிலிருந்து கொடிக்கு

யார் வீட்டுக் குதிரை என்று புல்வெளியில் யாரும் கேட்பதில்லை. அதன் தொடையிலேயே விடை இருக்கும். துருக்கிய, மங்கோலியக் குலங்கள் தத்தமக்கென்று ஒரு வடிவத்தை இரும்பில் செய்து, பழுக்கக் காய்ச்சி, கால்நடைகளுக்குச் சூடு போட்டன. அந்தக் குறிக்குப் பெயர் தம்கா.

மங்கோலியப் பேரரசு விரிய, சொல்லும் விரிந்தது. அரசாணையில் பதியும் முத்திரை தம்கா ஆனது. பிறகு வணிகச் சரக்கின்மேல் விழுந்த வரியும் தம்கா ஆனது. ரஷ்யர்கள் சுங்க அலுவலகத்தை இன்றும் 'தமோஷ்ன்யா' என்கிறார்கள். வேர் இதுதான். இந்தியாவிலும் அந்த வரி இருந்தது. 1527இல் மேவார் மன்னர் ராணா சங்காவை எதிர்கொள்ளுமுன் மதுவைத் துறந்த பாபர், முஸ்லிம்களுக்குத் தம்காவை நீக்கினார். ஜஹாங்கீர் காலத்துப் பரம்பரை நில மானியம் 'அல் தம்கா', அதாவது செம்முத்திரை.

ஆனாலும் தம்கா ஒரு நாட்டுக்கே முகமானது கிரிமியக் கானரசை நிறுவிய ஹாஜி கிராயின் கையில்தான். செங்கிஸ்கானின் மூத்த மகன் ஜோச்சியின் வழிவந்தவர் அவர். ஜோச்சி வழியினரின் 'பொன் ஓர்தா' அரசு வாரிசுச் சண்டையில் சிதறிக்கொண்டிருந்த காலம் அது. லித்துவேனியாவின் துணையும் ஷிரின் முதலிய குலங்களின் ஆதரவும் கிரிமியாவை அவர் வசமாக்கின. 1441இல் கிர்க்-யெர் மலைக்கோட்டையில் தம் பெயரில் நாணயம் அடித்தார். அன்றைய வழக்கில் அதுவே ஆட்சிப் பிரகடனம். நாணயத்தில் மூன்று பல் கொண்ட சீப்பு வடிவக் குறி இருந்தது: 'தராக் தம்கா'. தராக் என்றால் சீப்பு.

வெறும் நாணயத்தால் அரசு நிற்காது என்பதை அவர் அறிந்திருந்தார். 1454இல் ஒட்டோமான் கடற்படையோடு சேர்ந்து கிரிமியாவின் காஃபா துறைமுகத்தை நெருக்கி, ஜெனோவா வணிகர்களைக் கப்பம் கட்டச் செய்தார். 1465இல் மாஸ்கோவை நோக்கிப் புறப்பட்ட, பொன் ஓர்தாவின் எச்சமான 'பெரிய ஓர்தா'வின் படையை டான் ஆற்றருகே முறியடித்தார். மறு ஆண்டு இறந்தார். மகன் மெங்லி கிராய் 1501இல் எழுப்பிய கல்லறை மண்டபம் பக்சிசராய் அருகே இருக்கிறது.

கிராய் மரபின் அரசை 1783இல் ரஷ்யா இணைத்துக்கொண்டது. குறி அழியவில்லை. 1917இல் கிரிமியத் தாத்தார்களின் குருல்தாய் பேரவை நீலக் கொடியில் அதைப் பொன்னிறத்தில் பொறித்தது. 1944 மே மாதம் ஸ்டாலின் அரசு அம்மக்களை ஒட்டுமொத்தமாக நாடுகடத்தியது. அவர்கள் கிரிமியாவுக்குத் திரும்பத் தொடங்கியபின், 1991இல் அங்குள்ள சிம்ஃபெரோபோலில் மீண்டும் கூடிய குருல்தாய் அதே தம்காவையே தேசியக் கொடிக்கு எடுத்துக்கொண்டது. ஜூன் 26 இன்று அவர்களுடைய கொடி நாள்.