தோட்டப் பாதையும் கியர்ப் பெட்டியும்: நெகிரி செம்பிலானில் டீசல் சிக்கனத்தின் வரலாறு

ரந்தாவ், லிங்கி, பகாவ் முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் ஒரு வாகனம் எவ்வளவு டீசல் குடிக்கும் என்பதை நிர்ணயிப்பது இயந்திரத்தின் பருமன் மட்டுமன்று. இயந்திரத்தின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் கியர்ப் பெட்டிக்கும் அதில் பெரும்பங்குண்டு என்பதும், அப்பெட்டியின் அபிவிருத்தியைப் பயிரின் மாற்றத்தோடு சேர்த்துப் பார்த்தாலன்றி அதன் பயன் விளங்காது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

ரப்பர் மேலோங்கியிருந்த காலத்தில், பால் உறைவதற்குள் தோட்டத்துக்குள்ளேயே இருந்த ஸ்டோருக்கு அதைக் கொண்டுசேர்ப்பதே பிரதான வேலையாக இருந்தமையால், வாகனங்கள் கடக்கவேண்டிய தூரம் குறுகியதாகவே இருந்தது. 1948இல் பிறந்து, 1957இல் டீசல் இயந்திரமும் பெற்ற லேண்ட் ரோவரே அக்காலத் தோட்டப் பாதைக்கு உகந்த வண்டியின் சிறந்த உதாரணமாகும். அதன் நான்கு முன் கியர்களுள் முதலிரண்டுக்கும் பற்சக்கரங்களின் வேகத்தைத் தாமாகவே சமன்செய்யும் அமைப்பு இல்லாததால், கீழ்க் கியருக்கு இறங்கும் ஓட்டுநர் கிளட்ச்சை இருமுறை மிதித்து, இடையில் இயந்திரத்தின் வேகத்தைத் தம் செவியால் அறிந்து உயர்த்த வேண்டியிருந்தது. சேற்றுக்கென அமைந்த தாழ்விகிதத்தை மற்றொரு தண்டு கொடுத்தது. சேற்றைக் கடந்த பின்னும் அதை விலக்காமல் ஓட்டினால், வண்டி மெல்ல நகர, இயந்திரமோ விரைந்து சுழன்று எண்ணெயை வீணாக்கும். ஆகவே அந்நாளைய சிக்கனம் ஓட்டுநரின் காலிலும் காதிலும் குடிகொண்டிருந்தது. சம்பளப் பட்டியலில் இடம்பெறாத அந்தச் சாமர்த்தியத்தை ஒரு கலையென்றே நான் மதிக்கிறேன்.

செம்பனை பரவியபோது நிலைமை மாறிற்று. குலையை வெட்டிய ஒரு நாளுக்குள் ஆலைக்கு அனுப்பாவிட்டால் எண்ணெயில் கொழுப்பமிலம் பெருகித் தரம் குன்றுமாதலால், பாரமும் தூரமும் ஒருங்கே கூடின. பெருந்தோட்டங்களில் லோரியும் டிராக்டரும் அப்பணியை ஏற்க, மேற்பார்வையாளருக்கும் சிறு தோட்டக்காரருக்கும் பிக்அப் வண்டியே துணையாயிற்று. 1968இல் தோன்றிய டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளுக்குப் பின்னாளில் டீசல் இயந்திரமும் ஐந்தாம் கியரும் வாய்த்தன. ஐந்தாம் கியரில் வெளிச்செல்லும் தண்டு இயந்திரத்தைவிட விரைந்து சுழல்வதால், சிரம்பானிலிருந்து தம்பின் செல்லும் தார்ச்சாலையில் டீசல் மிச்சப்படும். கோலா பிலா நோக்கிப் புக்கிட் புத்துஸ் ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போது அந்தக் கியருக்கு வேலையே இல்லை.

தானியங்கிக் கியரின் ஆரம்ப வடிவங்களில், திரவத்தின் வழியே சக்தி கடந்ததால் ஒரு பகுதி வெப்பமாய்க் கழிந்தது. நேரடிப் பூட்டுக் கிளட்ச்சும், மேலும் பல படிகளும் அக்குறையைத் தணித்தன. குறைந்த டீசலில் நிறைந்த வேலை செய்யும் சுழற்சி வேகம் டீசல் இயந்திரத்துக்கு ஒரு சிறு எல்லைக்குள்ளேயே அமைவதால், படிகள் நெருங்க நெருங்க அந்த எல்லைக்குள் நிற்பது எளிதாகிறது. 2015இல் வெளிவந்த ஹைலக்ஸில் ஆறு படிகளும், 2018இல் ஃபோர்டு ரேஞ்சரில் பத்துப் படிகளும் வந்தன. எனினும், குலை ஏற்றி மண்பாதையில் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் வண்டி மேற்படிகளைத் தொடுவதேயில்லை. அப்படிகளின் லாபம் நெடுஞ்சாலைக்கே உரியது.

டீசலின் மானிய விலை, கியரால் விளையும் இச்செலவு வேறுபாட்டை நெடுங்காலம் மறைத்திருந்தது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளியாக உயர்ந்தது. தகுதியுடையோருக்கு மாதம் 200 வெள்ளி உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. லிட்டருக்கு 1.20 வெள்ளி கூடியதென்றால், அத்தொகை ஏறத்தாழ 166 லிட்டருக்கே ஈடு செய்தது. நூறு கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் செலவிடும் வண்டிக்கு அது 1,600 கிலோமீட்டருக்கு மேல் வந்தது. தாழ்ந்த கியரிலேயே உழன்று பதினாறு லிட்டர் குடிக்கும் பழைய வண்டிக்கோ, ஆயிரத்தைச் சற்றே தாண்டியதும் தீர்ந்துவிட்டது.