ஒளி படியெடுத்த கல்லேடு

தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டுவித்த பராக்கிரம பாண்டியன், தன் பணியும் ஒருநாள் சிதையக்கூடும் என்பதை 15ஆம் நூற்றாண்டிலேயே உணர்ந்திருந்தான். பின்னாளில் அதனைப் பழுது நீக்கிக் காப்போரை வணங்குவதாக அமைந்த பாடல் அக்கோயிற் கல்லில் உள்ளது. அவன் அஞ்சியவாறே இராசகோபுரம் பிளவுண்டு நெடுங்காலம் நின்றது. எழுப்பப்பெற்ற புதிய கோபுரம் 1990இல் குடமுழுக்குக் கண்டது. கல்லும் அழியக்கூடிய ஏடே.

அக்கல்லேட்டைத் தாளில் காக்கும் முயற்சி, ஒளிப்படக் கலையின் இளமையிலேயே தமிழகத்தில் நிகழ்ந்தது. சென்னை அரசு 1856இல் படைத்தலைவர் லின்னேயஸ் டிரைப்பைத் தன் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தியது. அவர் 1857 டிசம்பரில் புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை முதலிய ஊர்களைப் படமெடுத்தார். மெழுகூட்டிய தாளே அவருக்கு எதிர்ப்படம். அதிலிருந்து அச்சிட்ட படங்களை அட்டையில் ஒட்டி, 1858இல் ஊர்வாரியாகத் தொகுதிகள் வெளியாயின.

டிரைப் வெறும் பதிவாளர் அல்லர். அக்காலத் தாளில் வானம் வெறுமையாகவே விழும். அவ்வெறுமையில் முகில்களைத் தம் கையால் தீட்டிச் சேர்த்தார். தூண்வரிசையின் ஆழத்தையும் நிழலின் அமைதியையும் ஓவியர் கண்கொண்டு தேர்ந்தார்.

ஆயினும் தமிழர் மறவாது போற்றத்தக்கது, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் எடுத்த முறையாகும். சுவரையொட்டிக் கருவியைப் படிப்படியாக நகர்த்தி எடுத்த 21 படங்களை இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே காட்சியாக்கினார். அக்கோயிலை எடுப்பித்தவன் இராசராசன் என்பதே அறிஞர்க்குத் தெளிவாகாத காலம் அது. 1886இல் அரசின் கல்வெட்டாய்வாளராக அமர்ந்த ஹுல்ட்ஷ் அவ்வெழுத்துகளை முறையாகப் படித்துப் பதிப்பிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பொருளறியாத ஒருவரின் கருவி அவற்றைப் படியெடுத்து வைத்தது.

1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், இப்பணியை ஆடம்பரச் செலவெனக் கருதி நிறுத்தினார். டிரைப்பின் கலைவாழ்வும் அத்துடன் பெரும்பாலும் முடிந்தது. அவர் 1902இல் மறைந்தார். வீண்செலவு எனப்பட்ட அத்தொகுதிகள் இன்று அருங்காட்சியகங்களும் சேகரிப்போரும் தேடும் அரும்பொருள்கள். 2014இலும் 2015இலும் வாசிங்டனிலும் இலண்டனிலும் அவர் படங்களுக்கெனத் தனிக் கண்காட்சிகளே நடைபெற்றன.

1858இன் அத்தொகுதிகளுள் தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடமில்லை. பிளவுண்ட கோபுரத்தையோ, சித்திரசபைச் சுவரோவியங்களையோ டிரைப்பின் தாள் ஏற்றிருந்தால், இழந்தது எது, எஞ்சியது எது என இன்று ஒப்பிட்டறிய ஒரு சான்று கிடைத்திருக்கும். திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சி ஏட்டிலிருந்து அச்சேறியதால் குற்றாலத்தின் சொல் பிழைத்தது. சுவரின் வண்ணத்திற்கும் கல்லின் எழுத்திற்கும் அத்தகைய மறுபடி வேண்டும். பாண்டியன் வணங்கியது கோபுரம் கட்டுவோரை மட்டுமன்று, காப்போர் அனைவரையுமே. படியெடுப்போரும் அவருள் அடங்குவர்.