ஏப்ரல் விடுமுறையில் அம்மாவுக்கும் ஒரு மணித்தியாலம்

எங்கள் பாடசாலை நாட்காட்டியில் கோடை விடுமுறை என்று ஒன்று இல்லை. ஆனால் ஏப்ரல் விடுமுறையை வேறு எப்படிச் சொல்வது? ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் இலங்கைக்கு நேர் மேலே சூரியன் உச்சம் கொடுக்கிறது. தெய்வேந்திரமுனைப் பக்கம் தொடங்கி நாளுக்கு நாள் வடக்கே நகர்கிறது. சித்திரைப் புத்தாண்டும் அதற்குள்தான் வருகிறது, பிள்ளைகள் வீட்டில் நிற்பதும் அப்போதுதான்.

பிள்ளைகளுக்கு லீவு என்றால் அம்மாமாருக்கு வேலை இரட்டிப்பு. பாடசாலை நாட்களில் காலையில் அவர்களை அனுப்பினால் பகல் ஒன்றரை வரை வீடு அம்மாவின் கையில் இருக்கும். அந்த ஆறு மணித்தியாலம் விடுமுறையில் அப்படியே போய்விடுகிறது. குசினியில் அடுப்பு அணைவதே இல்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017 இல் நேரப் பயன்பாடு பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெரும்பங்கு பெண்களின் தலையில் இருப்பதை அது காட்டியது. விடுமுறையில் அந்தப் பங்கு இன்னும் கூடும் என்பதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை, எந்த வீட்டுக் குசினியை எட்டிப் பார்த்தாலும் தெரியும்.

சுவரில் ஒட்டும் நேர அட்டவணைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. எட்டு மணிக்கு வாசிப்பு, ஒன்பதுக்குச் சித்திரம் என்று எழுதினால், அதை நடத்தும் அதிபர் வேலையும் அம்மாவுக்கே வந்து சேரும். எனக்கு இரண்டு பிள்ளைகள், ஒன்றுக்கு ஆறு வயது, மற்றதுக்குப் பத்து. நான் கட்டுரை எழுதுவதும் வீட்டிலிருந்துதான். எங்கள் வீட்டில் நிலைத்தது வெயிலை வைத்து நாளை மூன்றாகப் பிரிக்கும் முறை மட்டுமே. வெயில் ஏறும் முன், வெயிலுக்குள், வெயில் தாழ்ந்த பின்.

காலை பத்து மணிக்கு முன்னர் ஓட்டம், விளையாட்டு, வேலை எல்லாம் முடிய வேண்டும். வேலை என்று சொல்வது பிள்ளைகளின் வேலையையும் சேர்த்துத்தான். ஆறு வயதுப் பிள்ளையால் பூமரங்களுக்குத் தண்ணீர் ஊற்ற முடியும். பத்து வயதென்றால் முற்றம் கூட்டலாம், சின்ன வெங்காயம் உரிக்கலாம். மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவு. முதல் வாரம் அவர்கள் செய்வதை விட நாமே செய்வது சுகம் போலத் தோன்றும். பொறுத்துக்கொண்டால் இரண்டாம் வாரத்தில் கை பழகிவிடும்.

சாப்பாட்டுக் கேள்விக்கு நான் கண்ட வழி ஒரு தட்டு. காலையிலேயே வாழைப்பழம், வெள்ளரிப்பழம், அவித்த கச்சான், பிஸ்கற் என்று அன்றைக்குரியதை அதில் வைத்துவிடுவேன். பக்கத்தில் ஆளுக்கொரு போத்தல் தண்ணீர். இடையில் பசித்தால் அவர்களே எடுக்கலாம், முடிந்தால் முடிந்ததுதான். 'அம்மா, சாப்பிட என்ன இருக்கு?' என்பது ஒரு நாளில் பத்துத் தடவையிலிருந்து இரண்டாகக் குறைந்தது.

பகல் பதினொன்று முதல் மூன்று மணி வரை வெளியே விடுவதில்லை. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுக்கும் நாட்களில் இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. இந்த நேரத்துக்குள்தான் அம்மாவின் மணித்தியாலம் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது ஒன்றரை முதல் இரண்டரை. படுக்கலாம், வாசிக்கலாம், சும்மா இருக்கலாம். அந்த நேரத்தில் உடுப்பு மடித்தால் அது கணக்கில் சேராது. கைத்தொலைபேசியையும் ரீவியையும் நான் எதிரியாகப் பார்ப்பதில்லை. காலையில் எழுந்தவுடன் கொடுத்தால் அன்றைய நாள் அதோடு போய்விடும், ஆகவே அதை இந்த ஒரு மணித்தியாலத்துக்கு என்று வைத்திருக்கிறேன். மிச்ச நேரத்துக்குக் கரம், தாயம், பிரதேச சபை நூலகத்தில் எடுத்த புத்தகங்கள். சலிக்கிறது என்று வந்து நின்றால் சலிக்கட்டும். சற்று நேரத்தில் அவர்களே ஏதாவது கண்டுபிடிப்பார்கள்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. கிணறு உள்ள வளவு என்றால், மூடியும் கட்டும் சரியாக இருக்கிறதா என்று விடுமுறையின் முதல் நாளே பார்த்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பெரியவர் ஒருவர் விழித்திருக்காமல் அம்மா கண்ணயர முடியாது. அம்மம்மாவோ அப்பாவோ பொறுப்பெடுக்க வேண்டும். அப்பாமாருக்கு வேலை நாளில் முடியாது என்பது உண்மை. சனி, ஞாயிறு பகலிலாவது முடியும்தானே?

வேலைக்குப் போகும் அம்மாமாரின் நிலை வேறு. ஆடைத் தொழிற்சாலைகள் பாடசாலை விடுமுறைக்கு மூடப்படுவதில்லை. எங்கள் ஒழுங்கையில் மூன்று குடும்பங்கள் முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்க்கின்றன. லீவு கிடைக்கும் நாளில் ஒருவர் எல்லோரையும் பார்ப்பார், மற்ற நாட்களில் அவருடைய பிள்ளைகளை மற்றவர்கள் பார்ப்பார்கள். காசு கைமாறுவதில்லை, சாப்பாடு மட்டும் அவரவர் வீட்டிலிருந்து கட்டிக் கொடுக்கிறார்கள்.

நாலரைக்குப் பிறகு முற்றமும் ஒழுங்கையும் பிள்ளைகளுக்கு. கிளித்தட்டோ சைக்கிளோ, பொழுதுபட உள்ளே வந்து குளிப்பு, சாப்பாடு. படுக்கும் நேரத்தை மட்டும் விடுமுறையென்று அதிகம் தளர்த்த வேண்டாம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்பது மணித்தியாலமாவது தூக்கம் தேவை, பிந்திப் படுத்த பிள்ளையின் மறுநாள் சிணுங்கலைக் கேட்பதும் அம்மாதான். பாடசாலை தொடங்க ஒரு வாரம் இருக்கும்போதே தினமும் கால் மணித்தியாலமாக முன்னுக்கு இழுத்து வந்தால், முதல் நாள் காலையில் எழுப்புவது அவ்வளவு கஷ்டமாக இருக்காது. சப்பாத்து அளவாக இருக்கிறதா என்பதையும் அந்த வாரத்திலேயே போட்டுப் பாருங்கள்.