புளோரிடாவில் 2000 அமெரிக்க அதிபர் தேர்தல்

2000 நவம்பர் 7 அன்று நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் புளோரிடா மாநிலத்தைக் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 537 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பதிவான வாக்குகள் ஏறத்தாழ 60 லட்சம். புஷ் பெற்றவை 29,12,790. ஜனநாயகக் கட்சியின் அல் கோர் பெற்றவை 29,12,253. ஒரே ஒரு வாக்கு முந்தினாலும், அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலத்துக்கு அப்போது இருந்த 25 தேர்வாளர்களும் முந்தியவருக்கே. நாடு முழுவதும் 5 லட்சம் வாக்குகளுக்கு மேல் கூடுதலாகப் பெற்றிருந்தும், தேர்வாளர் கணக்கில் கோர் 266–271 எனத் தோற்றது இதனால்தான்.

தேர்தல் நாள் இரவு தொலைக்காட்சிகள் முதலில் புளோரிடாவில் கோர் வென்றதாக அறிவித்தன; பிறகு அதைத் திரும்பப் பெற்றன. நள்ளிரவு தாண்டிப் புஷ் வென்றதாகச் சொல்லி, அதையும் திரும்பப் பெற்றன. தோல்வியை ஒப்புக்கொண்டு புஷ்ஷுக்குத் தொலைபேசியில் பேசிய கோர், சற்று நேரத்தில் மறுபடி அழைத்து அதை மாற்றிக்கொண்டார்.

சிக்கலின் வேர் வாக்குச்சீட்டில் இருந்தது. பாம் பீச் கவுண்டியில் வேட்பாளர் பெயர்கள் எதிரெதிரான இரு பக்கங்களில் அச்சாகியிருந்தன. குத்த வேண்டிய துளைகள் நடுவே ஒரே வரிசையில் இருந்தன. இடப்பக்கத்தில் கோரின் பெயர் இரண்டாவது. அவருக்குரிய துளையோ மூன்றாவது. இரண்டாம் துளை வலப்பக்கத்தில் இருந்த சீர்திருத்தக் கட்சியின் பாட் புக்கானனுக்கு உரியது. ஜனநாயகக் கட்சியின் கோட்டையான அந்தக் கவுண்டியில் புக்கானனுக்கு 3,407 வாக்குகள் விழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை தன்னை நினைத்துப் போட்டவையாக இருக்க முடியாது என்று அவரே சொன்னார். இரண்டு துளை குத்தியதால் செல்லாமல் போனவை 19,000-க்கும் மேல். பசுமைக் கட்சியின் ரால்ப் நேடர் மாநில அளவில் பெற்ற 97,488 வாக்குகளும் கோருக்கு இழப்பே என்று பலர் கருதினர்.

வித்தியாசம் அரை சதவீதத்துக்குக் குறைவாக இருந்ததால் சட்டப்படி இயந்திரத்தில் மறு எண்ணிக்கை நடந்தது. நான்கு கவுண்டிகளில் கையால் எண்ண வேண்டும் என்று கோர் தரப்பு கேட்டது. முழுதாகப் பிய்ந்து விழாத காகிதத் துணுக்கு ஒரு மூலையில் தொங்கினால் அது வாக்கா, வெறும் குழிவு மட்டும் விழுந்திருந்தால் வாக்கா என்று அதிகாரிகள் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தனர். கவுண்டிக்குக் கவுண்டி அளவுகோல் மாறியது.

நவம்பர் 26 அன்று மாநிலச் செயலர் கேத்தரின் ஹாரிஸ் புஷ்ஷின் வெற்றிக்குச் சான்றளித்தார். அவர் புஷ் பிரசாரத்தின் மாநில இணைத் தலைவர்களில் ஒருவர். ஆளுநர் ஜெப் புஷ் வேட்பாளரின் தம்பி. டிசம்பர் 8 அன்று மாநில உச்ச நீதிமன்றம் மீண்டும் எண்ண உத்தரவிட்டது. மறுநாளே அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. சீரான அளவுகோல் இல்லாத எண்ணிக்கை சமத்துவ உரிமைக்கு முரணானது என்றும், எண்ணி முடிக்க அவகாசம் இல்லை என்றும் கூறி, டிசம்பர் 12 அன்று 5–4 என்ற பெரும்பான்மையில் மறு எண்ணிக்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மறுநாள் கோர் தோல்வியை ஏற்றார். துளையிடும் வாக்குச்சீட்டைப் புளோரிடா 2001-ல் சட்டம் இயற்றிக் கைவிட்டது.