கழுதைப்புலி மேல் விழுந்த பழி

கழுதையும் அன்று, புலியும் அன்று. ஆயினும் தமிழில் அதன் பெயர் கழுதைப்புலி. தோற்றத்தில் நாயை ஒத்திருந்தாலும், விலங்கியலார் அதனைக் கீரிக்கும் பூனைக்கும் நெருங்கிய உறவாகவே வகைப்படுத்துகின்றனர். இரவில் நடமாடும்; பிணம் தின்னும்; புள்ளிக் கழுதைப்புலியோ மனிதர் சிரிப்பதைப்போல் ஒலியும் எழுப்பும். மக்கள் அஞ்சுவதற்கு இவ்வளவு போதாதா?

அது ஆணாகவும் பெண்ணாகவும் மாறி மாறி வாழும் என்றொரு நம்பிக்கை பண்டைக் கிரேக்கரிடையே இருந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் அதனை மறுத்தார். வாலுக்கு அடியிலுள்ள ஒரு பிளவே பார்ப்பவரை மயக்குகிறது என விளக்கினார். ஆனால், மறுப்பைவிடக் கதைக்கே ஆயுள் அதிகம். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானியர் பிளினி, இவ்விலங்கு ஆயரின் பெயரைக் கேட்டறிந்து, மனிதக் குரலில் அழைத்து, வெளியே வருபவரைக் கொல்லும் என்ற செய்தியையும் தம் நூலில் சேர்த்தார். இடைக்கால ஐரோப்பிய விலங்கு நூல்கள், கல்லறையிலிருந்து பிணத்தை இழுக்கும் உருவமாகவே இதனை வரைந்தன. 1614இல் வெளிவந்த தம் உலக வரலாற்றில் வால்டர் ராலி, இது கலப்பினம் என்று கூறி நோவாவின் பேழையிலேயே இடம் மறுத்துவிட்டார்! நம் முன்னோர் பெயரில் மட்டும் கலந்தனர். அவரோ பிறப்பிலேயே கலந்துவிட்டார்.

இவர்களுள் எவரும் இரவெல்லாம் அதன் பின்னே சென்று பார்த்தவர் அல்லர். அப்பணியை மேற்கொண்டவர் நெதர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் குரூக். 1964 முதல் தான்சானியாவின் செரெங்கெட்டியிலும் நிகொரொங்கோரோவிலும் அவர் புள்ளிக் கழுதைப்புலிகளை ஆராய்ந்தார். விடியலில் அங்கே செல்பவர் காண்பது, இரையின் மேல் அமர்ந்திருக்கும் சிங்கத்தையும் சுற்றிலும் காத்திருக்கும் கழுதைப்புலிகளையும்தான். வேட்டையாடியது யார், எச்சிலுக்கு ஏங்குவது யார் என்று உடனே தீர்ப்பும் எழுதிவிடுவர். குரூக் நிலவொளியில் வண்டியில் பின்தொடர்ந்தார். கழுதைப்புலிகள் கூட்டமாகச் சேர்ந்து வரிக்குதிரைகளைத் துரத்தி வீழ்த்தின. உண்ணும்போது எழுந்த கூச்சலைக் கேட்டு வந்த சிங்கங்கள் அவற்றை விரட்டிவிட்டு இரையைப் பறித்துக்கொண்டன. நிகொரொங்கோரோவில் இது அடிக்கடி நிகழ்ந்தது. அவருடைய நூல் 1972இல் வெளியானது.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1994இல், 'தி லயன் கிங்' திரைக்கு வந்தது. அதன் ஓவியர்கள் கலிபோர்னியாவின் பெர்க்லிக்குச் சென்று, ஆய்வுக்காக வளர்க்கப்பட்ட கழுதைப்புலிகளைப் பார்த்தே வரைந்தனர். நல்லவிதமாகக் காட்டுங்கள் என்று அங்கிருந்த ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டும் பயனில்லை. படத்தில் அவை கொடியவனின் ஏவலாட்கள்; அறிவற்ற கோழைகள். நம் மாணவர்களுள் பலர் கழுதைப்புலியை அறிந்தது அப்படத்தின் வழியாகத்தானே!

வரிக் கழுதைப்புலியின் நிலை வேறு. தமிழகத்தின் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் வாழும் இவ்வினம், பெரும்பாலும் செத்ததைத் தின்றே பிழைக்கிறது. பிற விலங்குகள் விட்டுச்சென்ற எலும்பையும் நொறுக்கித் தின்று செரித்துவிடும். இதில் இழிவு என்ன இருக்கிறது? ஆனால், அச்சத்தால் அடித்தும் நஞ்சிட்டும் மக்கள் பல நாடுகளில் இதனைக் கொல்கின்றனர். இன்று இது அழிவை நெருங்கும் நிலையிலுள்ள இனம்.

எத்தியோப்பியாவின் ஹரார் நகரத்தார் வேறுவிதமாக எண்ணினர். பழைய மதிற்சுவரின் அடியில் கழுதைப்புலி நுழைவதற்கென்றே துளைகள் உள்ளன. இரவில் அவை தெருக்கழிவைத் தின்று தூய்மை செய்யும். தீய ஆவிகளையும் விழுங்கிவிடும் என்பது அவ்வூரார் நம்பிக்கை. மதிலுக்கு வெளியே, இருட்டியதும், குச்சியில் இறைச்சியைச் செருகி, குச்சியின் மறுமுனையைத் தம் வாயில் கவ்வியபடி அவற்றுக்கு ஊட்டுபவர்களும் அங்கே உண்டு.